நாலாவது இயந்திரம் நொண்டுகிறது

"அஞ்சாவதையும் மூடு. அதுலயும் முகம் தெரியுது" என்றாள் ரூஷா அத்தை, சலவைக் கூடத்தின் வாசலுக்கு வெளியே நின்றபடி.

சம்பிலா கையிலிருந்த போர்வையை ஐந்தாவது இயந்திரத்தின் மேல் விரித்து, அது சரிந்து விழாமல் இருக்க இரண்டு சோப்புத் தூள் டப்பாக்களைத் தூக்கி வைத்தாள். போர்வைக்குப் பின்னால், வட்டக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, ஓட்டலின் வெள்ளை விரிப்புகள் நேற்றிலிருந்து நுரைத் தண்ணீரில் அசையாமல் கிடந்தன. நேற்று முற்பகலில் வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்ததும், சலவைக் கூடத்தில் வேலை செய்யும் தோய்னா மின்சாரத்தை மொத்தமாக அணைத்துவிட்டு ஓடியிருந்தாள். ஐந்து இயந்திரங்களும் பாதித் துவைப்பில் நின்றுபோயின.

சம்பிலாவின் அப்பா யோர்கு காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையைக் கீழே வைத்தார், நெஞ்சைத் தடவினார், போய்விட்டார். அறுபத்தி எட்டு வயது. யாரையும் படுத்தாமல், தானும் படாமல் போன சாவு என்று தெருவே சொல்லிற்று. சம்பிலா அப்போது வேனை எடுத்துக்கொண்டு நகரத்துக்குச் சலவைத் துணி எடுத்துவரப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவரைக் கட்டிலில் நேராகக் கிடத்தியிருந்தார்கள். தொப்பி நெஞ்சின் மேல் இருந்தது.

எங்கள் தெருவில் சாவு விழுந்த வீட்டில் முகம் தெரிகிற எதையும் திறந்து வைக்கக் கூடாது. போகிறவன் தன் முகத்தைப் பார்த்துவிட்டால் போகிற வழி மறந்து நின்றுவிடுவான். ரூஷா அத்தை யோர்குவின் தங்கை, விதவை, எதிர்வீடு. இந்த மாதிரி விஷயங்களில் அவள் ஒரு இம்மி விட்டுக்கொடுக்க மாட்டாள். நேற்றே அலமாரிக் கண்ணாடி, டிவி, அடுப்பின் கண்ணாடி மூடி எல்லாவற்றையும் மூடியாகிவிட்டது. முற்றத்தில் நின்ற வேனின் பக்கக் கண்ணாடிகள் இரண்டுக்கும் அண்ணனின் கம்பளிக் காலுறைகளை மாட்டிவிட்டிருந்தாள். சலவைக் கூடம்தான் மிச்சம் இருந்தது. அது இன்று காலையில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"உள்ள வந்து நீயே பாரேன் அத்தை, சரியா மூடியிருக்கான்னு."

"நான் எதுக்கு உள்ள வரேன்? ஊர்ல இருக்கிற கஜே எல்லாம் படுத்துப் புரண்ட துணி. உங்கப்பனே வந்ததில்ல."

அது உண்மை. நாடோடிகளின் வம்சமான எங்கள் ஆட்கள் இல்லாத எல்லோரும் கஜேதான். அவர்கள் படுத்த விரிப்பை எங்கள் ஆள் ஒருவர் தொடுவது என்பது பழையவர்களுக்கு வயிற்றைக் குமட்டும் சங்கதி. நாங்கள் வீட்டிலேயே இடுப்புக்கு மேல் உடுத்துவதை ஒரு தொட்டியிலும் கீழ் உடுத்துவதை இன்னொரு தொட்டியிலும் துவைக்கிறவர்கள். கஜேக்களோ எங்களைக் கண்டால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறவர்கள். அசுத்தம் யாரிடம் இருக்கிறது என்பதில் இரண்டு தரப்புக்கும் சந்தேகமே கிடையாது.

இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் கடை போட்டவள் சம்பிலா. பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள், பேன் ஒட்டிக்கொள்ளுமாம். பதினோரு வயதில், தெருவின் மற்றப் பெண்களைப் போலவே, அப்பா அவளைப் படிப்பிலிருந்து நிறுத்தினார். பத்தொன்பது வயதில் அவள் தானாகவே மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். அப்பா மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் காரை எடுத்து வாசலில் நிறுத்தினார். நாலு வருஷம், வாரத்துக்கு ஐந்து மாலை, அகலத் தொப்பியோடு வகுப்புக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். மகளுக்குக் காவல் இருக்கிறார் என்று தெரு சொன்னது. அவரும் அப்படியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு சிபியு நகரத்தில் இரண்டு வருஷம் துணிநுட்பப் படிப்பு. படித்து முடித்து மூன்று சலவை நிலையங்களுக்குப் போன் செய்தாள். மூன்றிலும் வேலை இருந்தது. நேரில் போய் நின்றதும், அவளுடைய நீண்ட மடிப்புப் பாவாடையைப் பார்த்ததும், மூன்றிலும் வேலை நிரம்பிவிட்டது. நாலாவது இடத்துக்கு அவள் போகவில்லை. புதுத் தொழிலுக்கு அரசாங்கம் தருகிற உதவிக்கு எழுதிப் போட்டாள், கிடைத்தது. அப்பா தன் கொட்டகையைக் கொடுத்தார். தனிக் குழாய், தனி வாசல், அந்தத் தண்ணீர் வீட்டுப் பக்கம் ஒரு சொட்டு வரக் கூடாது என்று நிபந்தனை போட்டார். ஆறு வருஷமாக இருபது அடி தள்ளி இருந்துகொண்டு ஒரு நாளும் உள்ளே வராமல், ஏதாவது வேண்டுமானால் முற்றத்தில் நின்று கத்துவார். இப்போது அங்கே ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள், நாலு பேர் எங்கள் தெரு, இரண்டு பேர் கஜே. தோய்னா அந்த இரண்டில் ஒருத்தி.

பாவாடைப் பையில் போன் அடித்தது. ஓட்டல் மேடம்.

குன்றின் மேல் இருக்கிற அந்த ஓட்டல் மூன்று மாதத்துக்கு முன்புதான் வந்த வாடிக்கை. பெரிய வாடிக்கை, மற்றதெல்லாம் சேர்ந்தாலும் அதில் பாதி வராது. மேடம் முதல் நாளே சொல்லியிருந்தாள்: ஒரே ஒரு தடவை தாமதமானாலும் அதோடு சரி. இன்று மாலை ஒரு கல்யாணக் கூட்டம் முழு ஓட்டலையும் எடுத்திருந்தது. நூற்றி இருபது விரிப்பு நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"நாலு மணிதானே?" என்றாள் மேடம். வணக்கம் கிணக்கம் எல்லாம் கிடையாது.

சொல்லியிருக்கலாம். அப்பா நேற்று செத்துப்போனார் என்று மூன்று வார்த்தை. ஆனால் சம்பிலாவுக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. ஒருநாள் விரிப்புகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது, லீவு கேட்ட, ஓட்டலில் வேலை செய்யும் எங்கள் பெண் ஒருத்தியைப் பற்றி மேடம் யாரிடமோ சொன்னாள்: இவங்க பாட்டி வருஷத்துக்கு மூணு தடவை சாவாங்க. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சம்பிலா அன்றைக்கு எண்ணிக்கையை முதலிலிருந்து எண்ணினாள்.

"வந்துரும் மேடம்" என்றாள். வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது. 

தோய்னா பார்த்துக்கொண்டே இருந்தாள். "எப்படி வந்துரும்? எல்லாம் சோப்புத் தண்ணியில கிடக்கு. மூணு நாள் இங்க துணி நனையக் கூடாதுன்னு உங்க அத்தை சொல்றாங்க."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"வேற எதைச் சொல்லியும் எனக்குப் பழக்கம் இல்ல தோய்னா."

விஷயம் இதுதான். அடக்கம் முடியும்வரை இந்த வளாகத்தில் சோப்பு தொடக் கூடாது, தலை சீவக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. நேற்றிலிருந்து சம்பிலாவின் கூந்தல் அவிழ்ந்தே கிடந்தது. துவைத்தால், படிப்பு இவளைக் கஜே ஆக்கிவிட்டது, அப்பன் மகள் இல்லாமல் செத்தான் என்று தெரு சொல்லும். அந்த வார்த்தை அவள் சாகும்வரை கூடவே வரும். துவைக்காவிட்டால், அவ்வளவுதான் இவர்கள் என்று ஓட்டல் சொல்லும். ஆறு பெண்களில் நாலு பேரை அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மணி பத்தே முக்கால்.

அவள் வீட்டை நோக்கி நடந்தாள்.

வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது. யோர்கு புதுக் கோட்டில், எதையோ பொறுத்துக்கொண்டிருப்பவர் போலப் படுத்திருந்தார். பக்கத்தில் சிகரெட் பாக்கெட், சீப்பு, சீட்டுக்கட்டு. சுவரோரமாக ஆண்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாள் தாடி வளர்க்க வேண்டும் என்பதால் எல்லோருக்கும் முகம் இப்போதே கருக்கத் தொடங்கியிருந்தது. பெட்டியின் தலைமாட்டில் ட்ரிஃபு மாமா. தெருவில் எந்தத் தகராறு வந்தாலும் தீர்ப்புச் சொல்கிறவர். அவருக்கும் யோர்குவுக்கும் ரத்த உறவு இல்லை, ஐம்பது வருஷச் சீட்டாட்ட உறவு மட்டும்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் சம்பிலா. "உங்க எல்லார் முன்னாடியும்."

சொன்னாள். ஓட்டல், நாலு மணி, பாதியில் நின்ற துவைப்பு, தான் வாய் தவறிச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் சிரித்ததை மட்டும் விட்டுவிட்டாள்.

"கேட்டீங்களா!" என்றாள் ரூஷா அத்தை, பெட்டியின் கால்மாட்டிலிருந்து. "அண்ணன் இன்னும் இந்தக் கூடத்தவிட்டுப் போகல. இவளுக்குக் கஜே விரிப்புதான் பெருசு. நான் அன்னிக்கே சொன்னேன், எழுத்து படிச்சா பொண்ணு எங்க போய் நிப்பான்னு."

"நான் இங்கதான் நிக்கிறேன் அத்தை."

"நிக்கிற. மனசு அங்க நிக்குது."

சம்பிலா மாமாவின் பக்கம் திரும்பினாள். "வேணாம்னு சொன்னா விட்டுர்றேன் மாமா. சத்தியமா விட்டுர்றேன். அப்பா மேல ஒரு சொல் வரக் கூடாது. ஆனா கேக்காம விட்டேன்னு இருக்கக் கூடாதுன்னுதான் கேட்டேன்."

 ட்ரிஃபு மாமா எதற்குமே உடனே பதில் சொன்னதில்லை. ஒருமுறை குதிரை விற்ற தகராறு ஒன்றுக்கு அவர் யோசித்து முடிப்பதற்குள் குதிரையே செத்துப்போனது. பிளம் சாராயத்தை ஒரு மடக்குக் குடித்தார், இரண்டு சொட்டு தரையில் விட்டார், யோர்குவுக்கு.

"தண்ணி எப்ப ஊத்தினது?" என்றார்.

"நேத்து."

"நேத்துன்னா? யோர்கு இருக்கும்போதா, போனப்புறமா?"

"எனக்குத் தெரியாது மாமா. நான் இங்க இல்ல."

"இருந்தவங்க யாரு? கூப்பிடு."

தோய்னாவைக் கூப்பிட்டார்கள். கஜே பெண் ஒருத்தி எங்கள் தீர்ப்பில் சாட்சி சொல்ல வந்து நின்றது இந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை. காலணியை வாசலில் கழற்றிவிட்டு, வேறு என்ன கழற்ற வேண்டும் என்று தெரியாமல் ஏப்ரனையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். யாரோ அவளுக்கு ஒரு கறுப்புத் துண்டைத் தலையில் போட்டுவிட்டார்கள்.

"மிஷினை எப்பம்மா போட்ட?"

"பதினொண்ணு இருக்கும் ஐயா. பெரியவர் அப்ப நல்லாத்தான் இருந்தார்."

"அது எப்படி உனக்குத் தெரியும்? அவர்தான் அந்தப் பக்கமே வர மாட்டாரே."

தோய்னா சம்பிலாவைப் பார்த்தாள். "வர மாட்டார். முத்தத்துல நின்னு கத்துவார். நேத்தும் கத்தினார்."

"என்னன்னு?"

"அப்படியே சொல்லவா?"

"அப்படியே சொல்லு."

"'பொண்ணுகளா, நாலாவது நொண்டுது! துணியெல்லாம் ஒரு பக்கமாச் சேர்ந்திருச்சு. நிறுத்திப் பிரிச்சுப் போடுங்கடி, உருளை போயிரும்!' அப்படின்னார். போய்ப் பார்த்தோம், நிஜமாவே நாலாவதுதான். பிரிச்சுப் போட்டோம். சத்தம் சரியானப்புறம், 'ம், இப்ப சரி'ன்னுட்டுக் காப்பி குடிக்கப் போனார்."

 சுவரோரத்தில் ஒருவர் மூக்கால் சிரித்தார். அது பக்கத்தில் இருந்தவருக்கும் தொற்றிற்று. சற்று நேரத்தில் தொப்பிகள் மடியில் குலுங்கின. யோர்குவின் குரல் அப்படியே இருந்தது, அந்த 'நொண்டுது' உட்பட. சம்பிலாவும் சிரித்தாள். சிரித்தபடியே பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நேற்றிலிருந்து வராத அழுகையை அங்கேயே அழுதாள். ஆறு வருஷம். உள்ளே வராமலே அவர் ஐந்து இயந்திரங்களையும் சத்தத்தால் தெரிந்து வைத்திருந்தார்.

"தினமுமா கத்துவாரு?" என்று கேட்டாள் ரூஷா அத்தை. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"தினமும்தாங்க. காலைல காப்பிக்கு முன்னாடி. எங்களுக்குப் பழகிப்போச்சு."

ட்ரிஃபு மாமா கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"அவன் இருக்கும்போதே தண்ணி ஊத்தியாச்சு. அவன் சத்தம் கேட்டு, சரின்னும் சொல்லிட்டான். அப்ப இது அவன் வேலை, பாதியில நிக்குது. மனுஷன் தொடங்கிட்டுப் போனதை அப்படியே அழுக விடுறது மரியாதையா? முடிக்கணும். ஆனா அவன் ரத்தம் தண்ணியத் தொடக் கூடாது. சம்பிலா தொடாத. புதுசா ஒரு துணி நனையக் கூடாது. மூடின கண்ணாடி மூடினபடியே இருக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "ரேடியோ போடக் கூடாது."

"இஸ்திரி, மாமா?"

"இஸ்திரி நெருப்பு. நெருப்பைப் பத்தி யாரும் எதுவும் சொன்னதில்ல."

ரூஷா அத்தை சமையலறைக்குப் போய்விட்டாள். சட்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

பதினொன்றரைக்கு ஐந்து போர்வைகளுக்கும் அடியில் ஐந்து இயந்திரங்கள் சுற்றத் தொடங்கின. தோய்னாவும் மற்றப் பெண்களும் கண் தெரியாதவர்கள் மாதிரி போர்வைக்கு அடியில் கையைவிட்டுப் பொத்தான்களைத் தேடினார்கள். உறுமல் சுவரைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது, பெட்டியின் அருகில் இருந்த மெழுகுவர்த்திச் சுடர் லேசாக அதிர்ந்தது. சவ வீட்டில் இது என்ன சத்தம் என்று புதிதாக வந்த ஒருவர் முகம் சுளித்தார்.

"ஆறு வருஷமா இந்தச் சத்தத்துலதான் அவன் மத்தியானம் தூங்கினான்" என்றார் ட்ரிஃபு மாமா. "சத்தம் நின்னா முழிச்சுக்குவான். சும்மா உக்காருங்க."

சம்பிலா பெட்டியின் அருகில் உட்கார்ந்திருந்தாள். அவளையறியாமல் காது சுவர்ப்பக்கம் போனது. இரண்டாவது அலசல், இப்போது தண்ணீர் வெளியேறுகிறது, இப்போது பிழிகிறது. நாலாவது ஒழுங்காகவே ஓடியது. அப்பாவின் கோட்டுக் கை மடிப்பில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிள்ளி எடுத்தாள்.

இரண்டு மணிக்கு உலர்த்தி முடிந்து, விரிப்புகள் இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வெளியே வரத் தொடங்கின. அப்போதுதான் தெரிந்தது, மடிக்க ஆள் போதாது. எங்கள் பெண்களில் மூன்று பேர் யோர்குவுக்குத் தூரத்து ரத்தம், தண்ணீர்ப் பக்கம் வரக் கூடாது என்று முன்பே விலகிவிட்டார்கள். மூன்று மணிக்குத் தோய்னா வேனின் கண்ணாடிகளிலிருந்து காலுறைகளை உருவி, அதற்கு ஒரு மன்னிப்பும் கேட்டுவிட்டு, மடித்து முடித்த எழுபது விரிப்பை ஏற்றிக்கொண்டு போனாள். ஐம்பது மிச்சம், அடுத்த நடைக்கு. உருளையில் இரண்டு பேர் நின்றாக வேண்டும்.

மடிப்பு தண்ணீர் இல்லை. சம்பிலா எழுந்து போனாள்.

ஆனால் இரட்டைக் கட்டில் விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. ஒரு முனையை மேஜையில் பதித்து, மறு முனையை இழுத்துப் பார்த்தாள், கோணிற்று. பிரித்து மறுபடி போட்டாள். மறுபடியும் கோணிற்று.

"தள்ளு" என்றது ஒரு குரல்.

ரூஷா அத்தை. வாசற்படிக்கு இந்தப் பக்கம், சலவைக் கூடத்துக்கு உள்ளே நின்றிருந்தாள். உள்ளே எப்போது வந்தாள் என்று யாருமே கவனிக்கவில்லை. அவள் போர்வை போர்த்திய இயந்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணி, நாலாவதில் வந்து கண்ணை நிறுத்தினாள். பிறகு விரிப்பைப் பிடிக்கக் கையை நீட்டியவள், பாதியில் நின்றாள். நேற்றிலிருந்து சோப்புப் படாத கை. மெழுகு, கரி, வெங்காயம் எல்லாம் அதில் இருந்தது.

"இந்தக் கையோட தொட்டா உன் மேடம் கத்துவா இல்ல?"

"கத்துவாங்க."

"கழுவவும் கூடாது."

"கூடாது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கஜே துணியைத் தொட்டால் தன் கை அழுக்காகிவிடும் என்று ஐம்பது வருஷம் சொன்னவள், தன் கையால் கஜே துணி அழுக்காகிவிடும் என்று நின்ற கோலத்தைப் பார்க்க யோர்கு இல்லாமல் போய்விட்டார். அத்தை சுற்றும் முற்றும் பார்த்தாள். மேஜையில் இஸ்திரி போட்ட தலையணை உறைகள் அடுக்கியிருந்தன. இரண்டை எடுத்து இரண்டு கைகளிலும் முழங்கை வரை மாட்டிக்கொண்டாள். சம்பிலா தன் கைகளைப் பார்த்தாள். அவளும் இரண்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பத்தாவது விரிப்பு நடுவில் தொங்கும்போது போன் அடித்தது. கையை எடுத்தால் விரிப்பு தரையில் படும். உறை மாட்டிய கட்டை விரலால் எப்படியோ அழுத்தி, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். மேடம்.

"தோய்னா தலையில கறுப்புத் துணி ஏன்னு கேட்டேன். சொன்னா. காலைல ஏன் சொல்லல?"

  "சொன்னா நம்புவீங்களான்னு தெரியல மேடம்" என்றாள் சம்பிலா.

 சிரித்த நாள் மேடத்துக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ.

"அடுத்த மூட்டை வியாழக்கிழமை அனுப்பறேன்" என்றாள் மேடம். "அதுக்கு முன்னாடி வேணாம். நாளைக்கு எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

"பதினொண்ணுக்கு."

"சரி, மிஸ் சம்பிலா."

போன் தானாக வழுக்கித் துணிக்கூடையில் விழுந்தது.

"யாரு?" என்றாள் அத்தை.

"ஓட்டல் மேடம்."

"உன்ன மிஸ்ஸுன்னா கூப்பிடறா?"

"இன்னிக்குத்தான்."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். சந்தோஷமா, இல்லை வேறு ஏதாவதா, அந்த முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. யோர்குவின் முகமும் அப்படித்தான்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"நாப்பது."

"இழுத்துப் பிடி. தொங்க விடாத."

சம்பிலா இழுத்துப் பிடித்தாள். இருவரும் தலை சீவாமல், முழங்கை வரை வெள்ளை உறை மாட்டிக்கொண்டு, விரிப்பின் இரண்டு முனைகளோடு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். நடுவில் அத்தை தன் முனைகளைச் சம்பிலாவின் கையில் சேர்த்து வைத்தாள். ஒரு கணம் அதிகமாகவே அழுத்திப் பிடித்தாள். பிறகு குனிந்து, மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.